கண்டிக்கு ஏன் இவ்வளவு நெரிசல்? பாதைகளின் கதையிலிருந்து மடுல்கெல்லைக்கு ஒரு பாடம்

 

கொஞ்சம் நீண்ட பதிவு இது. ஆறுதலாக ஒரு தேநீரோடு வாசியுங்கள்.

மடுல்கெல்லையிலிருந்து கண்டிக்குப் போய் வருகிற எல்லோரும் கேட்கும் கேள்விதான் தலைப்பில் இருக்கிறது. பன்வில, வத்தேகம, மடவளை என்று வருகிற வரைக்கும் பஸ் ஒருமாதிரி ஓடிவிடும். நகரத்தின் வாசலுக்கு வந்ததும் நின்றுவிடும். வாகனம் கூடிப்போச்சு, பாதை சின்னது என்று நாம் இரண்டு காரணம் சொல்லுவோம். இரண்டும் உண்மைதான். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. பாதை எவ்வளவு அகலம் என்பதைப் போலவே, ஒரு பாதை இன்னொரு பாதையோடு எப்படிச் சேர்கிறது என்பதும் முக்கியம். இது கண்டிக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. இன்று நம் ஊரில் காணி பிரித்து விற்கும் ஒவ்வொருவரும் இதே முடிவைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

*பாதை போடாத அரசர்கள்*

கண்டி இராச்சியத்தின் அரசர்கள் பாதை போடத் தெரியாதவர்கள் அல்ல. வேண்டுமென்றே போடாமல் விட்டார்கள். காடும் மலையும் மகாவலி கங்கையும்தான் அவர்களுடைய கோட்டை. 1660 இல் பிடிபட்டு 1679 வரை இங்கே சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதைகள், அவற்றின் குறுக்கே முள்ளால் செய்த கதவுகள், ஒவ்வொரு கதவிலும் காவல். இந்தக் கடவைகளைத்தான் சிங்களத்தில் ‘கடவத்த’ என்பார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள ஊரின் பெயர் இதை இன்றும் ஞாபகப்படுத்துகிறது.

அந்தக் கொள்கை பலன் தந்தது. தந்துறையில் 1594 இலும், ரந்தெனிவெலவில் 1630 இலும், கன்னொருவையில் 1638 இலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. 1803 ஜூனில் மேஜர் டேவியின் ஆங்கிலப் படை கண்டியை விட்டுப் பின்வாங்கியபோது வட்டாபுளுவையில் பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க முடியாமல் அகப்பட்டது. பாதையும் பாலமும் இல்லாததே அரசனுக்குப் பாதுகாப்பாக இருந்தது.

அப்படியானால் வியாபாரம் எப்படி நடந்தது? இங்கேதான் நம் முன்னோர்கள் வருகிறார்கள். பொதிமாடுகளை வரிசையாக ஓட்டிச் செல்வதற்குத் தவளம் என்று பெயர். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மேலே வரும், மலைநாட்டின் பாக்கு கீழே போகும். அரசனின் போக்குவரத்துத் திணைக்களம் போல இருந்த ‘மடிகே பத்த’வில் முஸ்லிம்கள் பெருமளவில் வேலை செய்தார்கள். போர்த்துக்கேயரின் துன்புறுத்தலால் கரையோரத்தை விட்டு வந்த முஸ்லிம்களுக்கு செனரத் மன்னன் (1604–1635) தன் இராச்சியத்தில் இடம் கொடுத்ததையும் நாம் மறக்கக்கூடாது. கொத்மலைப் பக்கத்து தவலந்தென்னையின் பெயரிலேயே தவளம் இருக்கிறது. கரத்தை போகாத நாட்டை இணைத்து வைத்திருந்தது இந்த மாடுகளும் அவற்றை ஓட்டியவர்களும்தான்.

*நகரத்துக்குள்ளே வேறு கதை*

நாட்டுக்குள் பாதை விடாத அதே அரசர்கள், தலைநகருக்குள் தெருக்களை ஒழுங்காகப் பின்னினார்கள். இன்றும் கண்டி நகரத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். தலதா மாளிகைக்கு மேற்கே நேரான வீதிகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் வீதிகள். ஆங்கிலேயர் வந்து வார்ட் ஸ்ட்ரீட், திருகோணமலை வீதி, கொழும்பு வீதி என்று பெயர் மாற்றினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வார்ட் ஸ்ட்ரீட் தலதா வீதியாகவும், திருகோணமலை வீதி டீ.எஸ். சேனாநாயக்க வீதியாகவும் மாறின. பெயர் மாறினாலும் கட்டம் மாறவில்லை. நாயக்க வம்சத்து உறவினர் குடியிருந்த மலபார் வீதியும் இன்னும் இருக்கிறது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வாவியைக் கட்டியதும் அந்தக் கட்டத்துக்கு ஓர் எல்லை கிடைத்தது.

கட்டமாகப் போட்ட தெருவின் பலனை வகுப்பில் நாங்கள் கரும்பலகையில் ஒரு படம் வரைந்து காட்டுவதுண்டு. நான்கு வரிசை, நான்கு நிரல், மொத்தம் 16 சந்திகள். எல்லாப் பக்கமும் இணைத்தால் 24 துண்டுப் பாதைகள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குத் திரும்பிப் பார்க்காமல் நேராகப் போக எத்தனை வழி என்று கேட்டால் பிள்ளைகள் நாலு, ஆறு என்பார்கள். சரியான விடை 20.

இப்போது அதே 16 சந்திகளையும் ஒரு மரம் போல இணையுங்கள். ஓர் அடிமரம், கிளைகள், சிறு கிளைகள். 15 துண்டுப் பாதை போதும். செலவு மிச்சம். ஆனால் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போகவும் ஒரே ஒரு வழிதான். ஏதாவது ஒரு துண்டு உடைந்தால் அதற்கு அப்பால் உள்ளவர்கள் எல்லோரும் துண்டிக்கப்படுவார்கள். வலை என்றும் மரம் என்றும் இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கதை முழுக்க இதுதான்.

*வெள்ளைக்காரன் நட்ட மரம்*

1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம். மூன்று வருடத்துக்குள் ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி. அதை அடக்கப் பட்ட பாட்டில் ஆங்கிலேயருக்கு ஒன்று விளங்கியது: பாதை இல்லாமல் மலைநாட்டைப் பிடித்து வைத்திருக்க முடியாது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820 இல் கொழும்பு–கண்டி வீதியைத் தொடங்கினார். கடுகண்ணாவை மலையை வெட்டும் வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829 இல் இறந்தார். கடுகண்ணாவையில் நிற்கும் உயரமான கோபுரம் அவருடைய நினைவுக்குத்தான். ஆனால் மண் சுமந்தவர்களுக்கு எந்தக் கோபுரமும் இல்லை. இராஜகாரிய முறையில் கூலியில்லாமல் பிடித்து வரப்பட்ட ஊர் மக்கள் அவர்கள். 1832 இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. 1848 இல் வீதிக் கட்டளைச் சட்டம் என்ற பெயரில் வருடத்துக்கு ஆறு நாள் பாதை வேலை, இல்லாவிட்டால் பணம் என்று மீண்டும் சுமத்தினார்கள். அந்த வருடம் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இருந்த காரணங்களில் இதுவும் ஒன்று. பாதை என்பது எப்போதும் யாரோ ஒருவரின் முதுகில் போடப்பட்டதுதான்.

அதன் பிறகு கோப்பி. நக்கிள்ஸ் அடிவாரம் முழுக்கக் காடு வெட்டித் தோட்டமாக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று காட்டுவழியே நடத்தி வரப்பட்ட தொழிலாளர்களில் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மடிந்தார்கள். 1867 இல் ரயில் கண்டிக்கு வந்தது. 1880 இல் அது வத்தேகம வழியாக மாத்தளைக்கு நீண்டது. கோப்பி இலை நோயால் அழிந்து தேயிலை வந்தபோதும் பாதையின் அமைப்பு மாறவில்லை.

அந்த அமைப்பைக் கவனியுங்கள். மலையிலிருந்து தொழிற்சாலைக்கு ஒரு பாதை. தொழிற்சாலையிலிருந்து பஜாருக்கு ஒரு பாதை. பஜாரிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒரு பாதை. அங்கிருந்து கொழும்புத் துறைமுகம். இலையிலிருந்து கிளை, கிளையிலிருந்து அடிமரம். ஒரு தோட்டத்து லயத்துக்கும் பக்கத்துத் தோட்டத்து லயத்துக்கும் இடையே நல்ல பாதை போட்டுத் துரைமாருக்கு என்ன இலாபம்? தொழிலாளர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் போய்வராமல் இருப்பதே அவர்களுக்கு வசதி. பக்கத்து மலையில் உள்ள வீட்டைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் வாகனத்தில் போக வேண்டுமென்றால் கீழே பஜாருக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். இன்றும் நம்மில் பலருடைய நிலை இதுதான். மடுல்கெல்ல அந்த மரத்தின் ஒரு கிளை நுனியில் இருக்கிறது. நமக்கு அப்பால் நக்கிள்ஸ் மலை.

லயங்களுக்கும் பஜாருக்கும் இடையில் மக்கள் தாங்களாகவே நடந்து நடந்து போட்ட குறுக்குப் பாதைகளும் படிகளும்தான் இந்த மரத்தை ஓரளவு வலையாக்கின. அவை எந்த வரைபடத்திலும் ஒழுங்காக இல்லை. இதற்குப் பிறகு திரும்பி வருவோம்.

*நகரம் வழிந்து ஓடியது*

கண்டி மாநகர சபை 1865 இல் உருவானது. இன்றும் அதன் எல்லை சுமார் 28 சதுர கிலோமீட்டர்தான். மாநகர எல்லைக்குள் வசிப்போர் ஒரு இலட்சமளவில். ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் 13 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் மக்கள். நகரத்தைப் பயன்படுத்துகிறவர்கள் நகரத்துக்கு வெளியேதான் வாழ்கிறார்கள். மூன்று பக்கம் மகாவலி, சுற்றிவர ஹந்தான, பஹிரவகந்த, உடவத்தகெலே. உள்ளே இடமில்லை. எனவே குடியிருப்பு வெளியே வழிந்தது: கட்டுகஸ்தோட்டை, பேராதனை, குண்டசாலை, திகன, மடவளை, வத்தேகம.

வழிந்ததில் ஒரு நல்ல உதாரணமும் உண்டு. மேஜர் டேவி அகப்பட்ட அதே வட்டாபுளுவையில் 1950களில் அரச ஊழியர்களுக்காக ஒரு வீடமைப்புத் திட்டம் எழுந்தது. வடிவமைத்தவர் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா. 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண் அவர். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். குடிவரப்போகும் குடும்பங்களிடம் எப்படி வாழ்கிறீர்கள், என்ன தேவை என்று முன்கூட்டியே கேட்டார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அங்கே குடியேறினார்கள். மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல் அதற்கு இசைந்து வீடும் பாதையும் அமைந்தன. வீடு கட்டுமுன் அயலையும் சேர்த்து யோசித்த திட்டம் அது.

அதன் பிறகு அப்படி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. 1977 இல் திறந்த பொருளாதாரம், வாகன இறக்குமதி. 1985 இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டு, பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போய், மக்கள் வேறிடங்களில் குடியேறினார்கள். குண்டசாலை, திகன பக்கம் வேகமாக வளர்ந்தது. தென்னந்தோட்டமும் தேயிலைக் காணியும் 10 பேர்ச், 15 பேர்ச் என்று துண்டாகின. ஒவ்வொரு காணிக்காரரும் தன் காணிக்குள் ஒரு பாதை போட்டார். அது பிரதான வீதியில் தொடங்கி கடைசித் துண்டோடு முடிந்தது. பக்கத்துக் காணிக்காரரும் அப்படியே. இரண்டு பாதைகளின் நுனிக்கும் இடையே சில நேரம் ஒரு வேலிதான் இருக்கும். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக பிரதான வீதிக்கு வந்து சுற்ற வேண்டும்.

தோட்டத் துரை இலாபத்துக்காக நட்ட மரத்தில், அவர் போன பிறகு நாமே சிறு கிளைகளை ஒட்டினோம். பிள்ளையை ட்யூஷனில் விட, பாண் வாங்க, தொழப் போக, எதற்கும் அடிமரத்துக்கு இறங்க வேண்டும். கண்டிக்குள் நுழைய பேராதனைப் பக்கம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், தென்னகும்புரைப் பக்கம் என்று மூன்றே பெரிய வாசல்கள். காலை ஏழு மணிக்கு பாடசாலை வேன்களும், அலுவலகம் போவோரும், பெரியாஸ்பத்திரிக்குப் போவோரும் ஒன்றாக அந்த வாசல்களில் முட்டுகிறார்கள். சுற்றிவர மலை உள்ள கிண்ணம் போன்ற நகரம். வாகனப் புகையும் எளிதில் வெளியேறுவதில்லை.

*ஒரு தெரு மூடியபோது*

ஒரு துண்டுப் பாதை எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்பதை 1998 ஜனவரி 25 நமக்குக் காட்டியது. சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டு விழா கண்டியில் நடக்கவிருந்த நேரம். தலதா மாளிகை மீது விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் அப்பாவி உயிர்கள் போயின. விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. மாளிகைக்கு முன்னால் செல்லும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதன் பிறகு அந்த வழியால் போன வாகனங்கள் வாவியின் மறுபக்கத்தால் சங்கராஜ மாவத்தையில் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

அந்த வீதியைத் திறக்க வேண்டுமா என்பது இந்தப் பதிவின் விடயம் அல்ல. அது புனித இடம், 1988 முதல் உலக மரபுரிமை நகரம், அதை மதித்து முடிவெடுக்க வேண்டியவர்கள் வேறு. நாம் எடுக்க வேண்டிய பாடம் வேறு. சில நூறு மீட்டர் நீளமான ஓர் இணைப்பு இல்லாமல் போனதும் முழு நகரத்தின் ஓட்டமும் மாறியது. கட்டமாகப் பின்னிய நடு நகரத்திலேயே இந்த நிலை என்றால், ஒரே பாதையை நம்பியிருக்கும் மலைக் கிராமத்தில் என்ன நடக்கும்?

உலகம் முழுக்க இதே போக்குத்தான். கனடாவைச் சேர்ந்த கிறிஸ்தோபர் பாரிங்டன்-லீ, அமெரிக்காவின் அடம் மில்லார்ட்-போல் என்ற இரு ஆய்வாளர்கள் உலக நாடுகளின் வீதி வரைபடங்களை கணினியில் அலசி 2020 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1975 க்குப் பிறகு உலகின் பல பகுதிகளில் புதிதாகப் போடப்படும் தெருக்கள் முன்பை விட ஒன்றோடொன்று இணைவது குறைந்துகொண்டே வருகிறது என்பது அவர்களுடைய முடிவு. அவர்கள் வற்புறுத்தும் இன்னொரு விடயம் நமக்கு முக்கியம். கட்டடத்தை இடித்துக் கட்டலாம், ஆனால் தெருவின் அமைப்பை ஒருமுறை போட்டுவிட்டால் மாற்றுவது மிகக் கடினம். கண்டி மன்னர்கள் போட்ட கட்டம் இன்றும் நிற்கிறதே, அதுவே சாட்சி.

உலக வங்கி உதவியோடு குட்ஷெட் பகுதியில் பெரிய போக்குவரத்து முனையம், மத்திய அதிவேக வீதி என்று பெரிய திட்டங்கள் உண்டு. அதிவேக வீதியின் மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இவை வேண்டியவைதான். ஆனால் இவை எல்லாம் அடிமரத்தைத் தடிப்பாக்கும் வேலைகள். கிளைகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையைக் கொழும்பிலிருந்து யாரும் வந்து செய்யப் போவதில்லை.

*நமக்கு என்ன?*

மடுல்கெல்ல நகரமா என்று சிலர் சிரிக்கலாம். வட்டாபுளுவையும் மடவளையும் ஒரு காலத்தில் நகரமாக இருக்கவில்லை. பன்வில பக்கமும் இப்போது காணி துண்டாகிறது. மதிலும் கேற்றும் எழுகின்றன. பாட்டன்மார் காலத்தில் எல்லோரும் நடந்த குறுக்குப் பாதைகள் ஒன்றொன்றாக அடைபடுகின்றன. லயத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கு வந்த படிக்கட்டு ஒரு நாள் மதிலுக்குப் பின்னால் போனால், அந்தப் பிள்ளை பிரதான வீதியால் வாகனங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். நடக்கத் தூரம் கூடினால் பாடசாலைக்கு வருவதும் குறையும். ஆசிரியர்களாக நாங்கள் இதைக் கண்ணால் காண்கிறோம்.

மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் மாற்று வழி இருக்கிறதா? நடுச்சாமத்தில் அம்புலன்ஸ் வந்தால் வீட்டு வாசலுக்கு வருமா? ஜனாஸாவைச் சந்தூக்கில் சுமந்து நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க இடம் இருக்கிறதா? புதிதாகப் போடும் பாதைக்கு எட்டு அடி விடுவதா பன்னிரண்டு அடி விடுவதா என்று பேரம் பேசும்போது இந்தக் கேள்விகளையும் மேசையில் வைக்க வேண்டும்.

பாதை விடயத்தில் பிணக்கு வந்தால் ஏழு முழம் விடும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. சுமையேற்றிய இரண்டு ஒட்டகங்கள் ஒன்றையொன்று கடக்கப் போதுமான அகலம் என்று ஆலிம்கள் விளக்குவார்கள். தவளம் ஓட்டிய நம் முன்னோருக்கு இதன் பொருள் நன்றாகவே விளங்கியிருக்கும். காணி என்னுடையதுதான். ஆனால் வழி எல்லோருக்கும் உரியது.

எனவே நாம் செய்யக்கூடியவை மூன்று.

1. காணி பிரிக்கும்போது உள்பாதையை கடைசித் துண்டோடு நிறுத்தாமல், பக்கத்துக் காணியின் எல்லை வரை கொண்டு போய் விடுங்கள். இன்று அங்கே வேலி இருக்கலாம். நாளை அவர் பிரிக்கும்போது இரண்டும் சேரும். நில அளவைப் படத்திலும் உறுதியிலும் அதைப் பாதை என்றே தெளிவாக எழுதி, பிரதேச சபையிடம் ஒப்படையுங்கள். வாய்ப்பேச்சில் விட்ட பாதை அடுத்த தலைமுறையில் வழக்காகும்.

2. பழைய நடைபாதை, படிக்கட்டு எதையும் மதிலால் அடைக்காதீர்கள். மதில் கட்டத்தான் வேண்டுமென்றால் மூன்றடி நான்கடி ஒதுக்கிக் கட்டுங்கள். நடந்து போகிறவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்தச் சமூகம் என்று பார்க்காதீர்கள்.

3. இந்தப் பாதைகள் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். உயர்தர வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து மடுல்கெல்லையைச் சுற்றியுள்ள நடைபாதைகளை ஒரு வரைபடமாகக் குறிக்க நாங்கள் எண்ணியிருக்கிறோம். வரைபடம் முடிந்ததும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும், கோயில், விகாரை, தோட்டத் தலைவர்மாருக்கும், பன்வில பிரதேச சபைக்கும் ஒவ்வொரு பிரதி கொடுப்போம்.

மூன்றாவது வேலைக்கு உங்கள் உதவி வேண்டும். வயதானவர்களிடம் கேளுங்கள்: எந்தப் பாதையால் பாடசாலைக்குப் போனார்கள், எந்தப் பாதையால் கொழுந்து கொண்டு போனார்கள், எந்தப் பாதை இப்போது இல்லை? பாதையின் பெயர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இன்னும் திறந்திருக்கிறதா என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள். யார் அடைத்தார் என்ற பெயர் வேண்டாம். சண்டை பிடிக்கவல்ல, சேர்த்து வைக்கத்தான் இந்த வேலை.

வஸ்ஸலாம்.